கம்பெனி காருக்கு வீட்டுக் கரண்டு

கோயம்புத்தூரில் பம்புசெட் செய்கிற கம்பெனியாக இருக்கட்டும், ஸ்பின்னிங் மில்லுக்கு உதிரிபாகம் விற்கிற கம்பெனியாக இருக்கட்டும், மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் மேசைக்கு ஒரு காகிதக் கட்டு வந்து சேரும். பல்லடத்தில் பார்ட்டியைப் பார்த்தது, பெருந்துறை சிப்காட்டுக்கு சர்வீஸுக்குப் போனது, கரூர் டீலரிடம் கலெக்‌ஷனுக்குப் போனது எல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கும். கூடவே பெட்ரோல் பில்லும் பின் குத்தியிருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்து, கேஷியர் பணத்தைக் கொடுத்துவிடுவார். கம்பெனி கார் எலெக்ட்ரிக் ஆகிவிட்ட இடங்களில் மட்டும் இந்தப் பழைய ஏற்பாடு சிக்கிக்கொள்கிறது. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"பில்லு எங்கீங்க தம்பி?"

"பில்லு ஏதுங்கண்ணா, வூட்லதான சார்ஜ் போட்டேன்."

"செரி, அப்ப ஈ.பி. பில்லைக் கொண்டாங்க."

"அதுல எங்கூட்டு கிரைண்டரு, ஏ.சி. ஓடுனதும் இருக்குதுங்களேண்ணா!"

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த நாலு வரிக்குள் இரண்டு நல்ல கேள்விகள் இருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை யூனிட் ஆகும்? அந்த யூனிட்டின் விலை என்ன? முதலாவது இயற்பியல், அதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்கு ஒரே பதில் கிடையாது. காந்திபுரம் பங்கில் அடித்தாலும் காங்கேயம் பங்கில் அடித்தாலும் பெட்ரோல் விலை சில காசுதான் முன்னே பின்னே இருக்கும். கரண்டு அப்படியல்ல. பிளக்கை எங்கே செருகுகிறோம், எத்தனை மணிக்குச் செருகுகிறோம், அந்த மீட்டரில் ஏற்கெனவே எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதே யூனிட் பல விலைக்கு வரும். இதைப் பார்க்காமல் 'கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று ஒரே ரேட் போடுகிற கம்பெனி, ஒரு ஊழியருக்குக் கூடக் கொடுத்து இன்னொருவர் பாக்கெட்டிலிருந்து எடுக்கிறது.

முதலில் யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 9 யூனிட். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார், கிலோமீட்டருக்கு 0.6 யூனிட் எரிக்கிறது. அதில் முக்கால்வாசி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடும். சக்கரத்தைச் சேர்வது கால்வாசிதான். மின்மோட்டாரில் இந்த வீணடிப்பு மிகக் குறைவு. பேட்டரியிலிருந்து புறப்படும் ஆற்றலில் 85 சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்கு வந்துவிடும். அதனால்தான் அதே அளவு கார் 0.15 யூனிட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இந்த வித்தியாசத்தைக் கோவைக்காரருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கரண்டு மோட்டார் வைத்த கிணற்று மேட்டில் இந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

ஆனால் 0.15 என்பது சராசரி. சராசரி ஏமாற்றும் என்று இந்த ஊர் மில் மானேஜர்களுக்கும் தெரியும். ஸ்பின்னிங் மில்லில் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் ஓடியது என்பதை யூ.கே.ஜி. என்று எழுதி வைப்பார்கள். ஆனால் 20ஆம் நம்பர் நூல் ஓட்டும் மில்லையும் 80ஆம் நம்பர் ஓட்டும் மில்லையும் அந்த எண்ணை அப்படியே வைத்து ஒப்பிட மாட்டார்கள். நூல் மெலிய மெலியக் கிலோவுக்கு ஆகும் யூனிட் ஏறிக்கொண்டே போகும். எனவே எல்லாவற்றையும் 40ஆம் நம்பருக்கு மாற்றிவிட்டுத்தான் யார் வீணடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். 1956 முதல் கோவையில் இயங்கும் சிட்ரா ஆராய்ச்சி நிலையம் மில்களுக்குப் பழக்கிக் கொடுத்த ஒழுங்கு இது. காருக்கும் இதே மாற்றல் வேண்டும். காருக்கு நூல் நம்பரின் இடத்தில் நிற்பது வேகமும் மேடும்.

ஆள், சாமானோடு 1,700 கிலோ எடை வரும் ஒரு சிறிய எஸ்.யூ.வி.யை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் அதைத் தடுக்கும் விசைகள் இரண்டு. டயர் நசுங்கி நிமிர்வதால் வரும் உருளல் தடை. இது எடையைப் பொறுத்தது, வேகத்தால் அதிகம் மாறாது. மற்றது காற்றுத் தடை. இது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 11 யூனிட் குடிக்கும். 80இல் 14, நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட 100இல் 18. கோவையிலிருந்து சேலம் சுமார் 160 கிலோமீட்டர். 80இல் போகிறவருக்கும் 100இல் போகிறவருக்கும் ஒரு வழிக்கு 6 யூனிட் வித்தியாசம். மிச்சமாகும் நேரம் 24 நிமிடம். வேகமாகப் போனவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை, பார்ட்டி பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கலாம். கணக்கில் அது தெரிய வேண்டும் என்பதுதான் விஷயம்.

பெட்ரோல் கார் பழகியவர்களுக்கு இங்கே ஒரு தலைகீழ் காத்திருக்கிறது. பெட்ரோல் கார் டவுனுக்குள் மைலேஜ் கொடுக்காது, ஹைவேயில் கொடுக்கும். எலெக்ட்ரிக் கார் டவுனுக்குள் கொடுக்கும், ஹைவேயில் விழுங்கும். டவுனில் வேகம் குறைவு என்பதால் காற்றுத் தடை பெரிதாக இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தில் இருந்த ஆற்றலில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும். டவுனில் கெடுப்பது ஏ.சி. ஒன்றுதான். அது கிலோமீட்டர் கணக்கில் குடிப்பதில்லை, மணிக் கணக்கில் குடிக்கும். சித்திரை வெயிலில் ஏ.சி. மணிக்கு ஒன்றரை யூனிட் எடுக்கிறது என்றால், 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற நெரிசலில் கிலோமீட்டருக்கு 0.1 யூனிட் அதற்கே போய்விடும். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தின் மேலே போகிற காருக்கும், கீழே அவினாசி ரோட்டு சிக்னல்களில் நின்று நின்று வருகிற காருக்கும் தூரம் ஒன்றுதான்; யூனிட் ஒன்றல்ல.

கொங்கு நாட்டுக்கே உரிய இன்னொரு விஷயம், காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றுதான் பல்லடம், உடுமலைப் பக்கக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று, சாயங்காலம் பல்லடத்திலிருந்து கோவைக்கு மேற்கு நோக்கித் திரும்பும் காரின் முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், 80இல் ஓடும் காருக்கு 100இல் ஓடுகிற அளவு காற்றுத் தடை. 14 யூனிட் 18 ஆகிவிடும். காலையில் கிழக்கே போகும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். முழுவதும் ஈடாகாது; வர்க்கக் கணக்கில் எதிர்க்காற்று எடுப்பது எப்போதும் பின்காற்று கொடுப்பதைவிட அதிகம்.

மலை இன்னும் சுவாரசியமானது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். 1,700 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் சுமார் 9 யூனிட் வேண்டும். எந்தக் கார் ஆனாலும், யார் ஓட்டினாலும், இந்த 9 யூனிட்டைக் கட்டாமல் ஊட்டி போக முடியாது. பெட்ரோல் காரில் இது போனது போனதுதான். இறங்கும்போது பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் சூடாகி, குன்னூர்க் குளிரில் அந்த ஆற்றல் கரைந்துவிடும். எலெக்ட்ரிக் காரில் இறக்கத்தில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பிவிடும். அதற்குப் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். ஊட்டி ஓட்டலில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்குகிறவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. நீலகிரி ரூட் பார்க்கும் ஊழியருக்கு ஏறும் நாள் பில்லை மட்டும் பார்த்து ரேட் நிர்ணயித்தால் அதுவும் தப்பு, இறங்கும் நாளை மட்டும் பார்த்தாலும் தப்பு.

கிலோமீட்டர் என்ற எண்ணும் நாம் நம்புகிற அளவுக்குக் கல்லில் செதுக்கியது அல்ல. இந்திய வண்டிகள் பலவற்றின் மீட்டர் பெட்டி கோவை பிரிக்காலில் தயாரானதுதான். 1975 முதல் அவர்கள் செய்துவரும் தொழில் அது. எந்த ஓடோமீட்டரும் தூரத்தை நேராக அளப்பதில்லை, சுழற்சியை எண்ணித் தூரமாக மாற்றுகிறது. டயர் தேய்ந்து 6 மில்லிமீட்டர் போய்விட்டால் சக்கரத்தின் ஆரம் சுமார் 2 சதவீதம் குறையும். அதே ரோட்டுக்கு ஓடோமீட்டர் 2 சதவீதம் கூடக் காட்டும். மொட்டை டயர் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் லாபம். இதையெல்லாம் அக்கவுண்ட்ஸில் யாரும் பிடிக்கப் போவதில்லை, பிடிக்கவும் வேண்டாம். ஆனால் காரின் டேஷ்போர்டு காட்டும் யூனிட் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். அது பேட்டரியிலிருந்து வெளியே போனதைச் சொல்கிறது. சுவரிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தைக் காருக்குள் இருக்கும் சார்ஜர் டி.சி.யாக மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு போய்விடும். பேட்டரிக்கு 30 யூனிட் சேர வீட்டு மீட்டரில் 33 ஓடியிருக்கும். டேஷ்போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அதன்படி காசு கொடுக்கும் கம்பெனி, இந்த 3 யூனிட்டை ஊழியர் தலையில் கட்டுகிறது.

இனி விலை. இதில்தான் விஷயமே இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பிறகு அடுக்கடுக்காக ஏறும். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிந்தைய அடுக்குகளில், மானியம் போக, 400 யூனிட்டுக்குள் 4.70 ரூபாயை ஒட்டி இருக்கும் விலை, 500ஐத் தாண்டினால் 8.40, 600க்கு மேல் 9.45, 800க்கு மேல் 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றரை. 500க்குள் அடங்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குத் தனிச் சலுகையும் உண்டு. 501ஆவது யூனிட் ஓடினால் அந்தச் சலுகையும் பறிபோய்விடும்.

சிங்காநல்லூரில் ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் ஏறக்குறைய 1,175 ரூபாய். அந்த வீட்டுக்காரருக்குக் கம்பெனி ஒரு எலெக்ட்ரிக் கார் கொடுக்கிறது. மாதம் 1,500 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்தில் 3,000. சுவரில் அளந்தால் 450 யூனிட். மொத்தம் 850 யூனிட்டுக்கு வரும் பில் ஏறக்குறைய 5,300 ரூபாய். கார் வந்ததால் கூடிய தொகை 4,100 ரூபாய்க்கு மேல். அதாவது காருக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் சொச்சம். அக்கவுண்டன்ட் என்ன செய்வார்? 5,300ஐ 850ஆல் வகுப்பார். யூனிட் 6.23 என்று வரும். 450 யூனிட்டுக்குச் சுமார் 2,800 ரூபாய் கொடுத்துவிட்டு, கணக்கு நேர் என்பார். வகுத்தல் சரி, கணக்கு தப்பு. வீட்டுக்காரர் அடுக்கின் கீழ்ப்படியில் நின்றிருந்தவர். மேல்படிக்கு அவரை ஏற்றிவிட்டது கார். ஏறியதற்கான முழுக் கூலியையும் கார்தான் கட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,300 ரூபாய் அந்த வீட்டு மளிகைக் காசிலிருந்து கம்பெனிக்குப் போகிறது. பொருளியலில் இதை இறுதிநிலைச் செலவு என்பார்கள்; பெயர் தெரியாமலே இந்தக் கணக்கு தெரிந்த இல்லத்தரசிகள் இங்கே நிறைய உண்டு.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல. சார்ஜருக்கு முன்னால் ஒரு சப்-மீட்டர் வைத்து, அதில் ஓடிய யூனிட்டை ஈ.பி. பில்லின் மேல் அடுக்கிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். கார் இல்லாவிட்டால் பில் என்ன வந்திருக்கும், இப்போது என்ன வந்திருக்கிறது; வித்தியாசம் கம்பெனியுடையது. வீட்டுக் கூரையில் சோலார் வைத்திருப்பவர் விஷயத்தில் சில கம்பெனிகள் 'உங்களுக்குக் கரண்டு சும்மா வருதுங்களே' என்று நைசாகப் பேசிப் பார்க்கும். சும்மா வருவதில்லை. காருக்குப் போகாவிட்டால் அந்தச் சோலார் யூனிட் அவர் வீட்டு பில்லைத்தான் குறைத்திருக்கும். குறையாமல் போன தொகைதான் அதன் விலை.

ஆபீஸிலேயே சார்ஜ் போட்டால்? உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் கம்பெனிக்கு யூனிட் ஏழு ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். வீட்டின் மேல் அடுக்கைவிடக் குறைவு. கூரையில் சோலாரோ, உடுமலைப் பக்கம் சொந்தக் காற்றாலையோ இருந்தால் இன்னும் இறங்கும். ஆனால் இதில் இரண்டு பொறிகள். காலை 6 முதல் 10 வரையும், மாலை 6 முதல் 10 வரையும் உச்ச நேரம். யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். ஒன்பது மணிக்கு ஆபீஸுக்கு வந்து எல்லாரும் காரைச் செருகிவிட்டு மேலே போனால் முதல் ஒரு மணி நேரம் உச்ச விலையில் ஓடும். சார்ஜரைப் பத்து மணிக்குத் தொடங்கும்படி டைமர் வைத்தால் போதும். இரண்டாவது பொறி மில்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது: மேக்சிமம் டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்சுமை. 7.4 கிலோவாட் சார்ஜர் பத்து ஒரே நேரத்தில் ஓடினால் 74 கிலோவாட். ஏற்கெனவே உச்சத்தில் ஓடும் ஆலையில் அது அப்படியே டிமாண்டின் மேல் ஏறினால், கே.வி.ஏ.வுக்கு 600 ரூபாயை ஒட்டிய கட்டணத்தில் மாதம் 44,000 ரூபாய், ஒரு யூனிட்கூட அதிகம் ஓடாமலே. பத்துக் காரையும் முறை வைத்துச் சார்ஜ் செய்தால் இந்தச் செலவு வராமல் தடுத்துவிடலாம். கார் எட்டு மணி நேரம் சும்மாதானே நிற்கிறது.

மூன்றாவது, வழியில் போடும் சார்ஜ். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜியான் முதல் எண்ணெய் நிறுவனங்களின் பங்குகள் வரை நெடுஞ்சாலை நெடுக வேகச் சார்ஜர்கள் வந்துவிட்டன. யூனிட் பெரும்பாலும் 20 ரூபாயைச் சுற்றி. சார்ஜ் செய்து கொடுப்பது மின்சார விற்பனை அல்ல, சேவை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் விளக்கம் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் லைசென்ஸ் இல்லாமல் சார்ஜிங் ஸ்டேஷன் தொடங்க அது வழிவிட்டது. சேவை என்பதால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கூடவே வந்தது. வீட்டு பில்லில் இந்த வரி இல்லை. வரியோடு யூனிட் 22 ரூபாய் என்று வைத்தால், 100 வேகத்தில் ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய் ஆகிவிடும். ஆபீஸ் சோலாரில் நிரப்பி டவுனுக்குள் ஓடுகிறவருக்கு ஐம்பது காசு. ஒரே மாடல் கார், ஒரே கம்பெனி. செலவு எட்டு மடங்கு விலகி நிற்கிறது. லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில், 15 கிலோமீட்டர் மைலேஜில், கிலோமீட்டருக்கு 6.70. எப்படிப் பார்த்தாலும் கரண்டு மலிவுதான். அந்த மலிவே கம்பெனிகளைச் சோம்பேறியாக்கிவிடுகிறது. 'எப்படியும் லாபந்தானுங்களே' என்று ஒரு ரேட்டைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

நாம் மட்டும் தடுமாறவில்லை. பிரிட்டன் வரித்துறை கம்பெனி எலெக்ட்ரிக் கார்களுக்கு மைலுக்கு 4 பென்ஸ் என்று முதன்முதலாக ரேட் அறிவித்தது 2018 செப்டம்பரில். பிறகு கரண்டு விலை ஏற ஏற அதை மாற்றிக்கொண்டே வந்தது. ஆனால் எப்போதும் ஒரே ரேட். வீட்டில் போடுகிறவருக்கும் ரோட்டில் போடுகிறவருக்கும் அதுவே. அங்கே வீட்டுக் கரண்டுக்கு 5 சதவீத வரி, பொதுச் சார்ஜருக்கு 20 சதவீதம். சொந்தமாகக் கார் நிறுத்த இடமில்லாமல் தெருச் சார்ஜரை நம்பியிருந்த ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் கையைக் கடித்துக்கொண்டார்கள். கடைசியில் 2025 செப்டம்பரில்தான் வரித்துறை இறங்கிவந்து இரண்டு ரேட் போட்டது: வீட்டில் என்றால் மைலுக்கு 8 பென்ஸ், பொதுச் சார்ஜர் என்றால் 14. ஏழு வருஷம் பிடித்தது அவர்களுக்கு. இன்னொரு வேடிக்கை, அதே வரித்துறையின் பார்வையில் மின்சாரம் எரிபொருளே அல்ல.

நம்முடைய விதிகளும் லிட்டரில் யோசித்துப் பழகியவை. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில், கம்பெனி காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டும் ஊழியருக்குக் கிடைக்கும் பலனின் மதிப்பு இன்ஜின் கொள்ளளவை வைத்து எழுதப்பட்டது. செலவைக் கம்பெனி ஏற்றால், 1.6 லிட்டருக்குள் மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400 என்று இருந்தது. எலெக்ட்ரிக் காருக்கு ஏது லிட்டர்? கார் முழுக்க ஆபீஸ் வேலைக்குத்தான் என்று காட்ட வேண்டுமானால் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எல்லாம் எழுதிய லாக் புக் வேண்டும் என்றது அதே விதி. அந்த லாக் புக் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பேன். யூனிட் கணக்குக்கும் அதுதான் அஸ்திவாரம். மத்திய அரசு ஊழியர்களுக்கு, ரேட் நிர்ணயிக்காத ஊர்களில் சொந்தக் காருக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய் என்று 2017இல் போட்டார்கள். அது எரிபொருள் மட்டுமல்ல, தேய்மானம், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ரேட். கம்பெனி காருக்குக் கொடுப்பது ஓட்டச் செலவு மட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கம்பெனிகள் ஏன் எலெக்ட்ரிக் பக்கம் சாய்கின்றன என்பதற்குக் காரணம் ஓட்டச் செலவு மட்டும் அல்ல. 2019 ஆகஸ்ட் முதல் எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். வருமான வரிக் கணக்கில் சாதாரணக் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம் என்றால், மின்வண்டிக்கு 40 சதவீதம். ஆடிட்டர்களுக்கு இந்தக் காரின் மேல் வந்திருக்கும் பாசத்துக்கு இதுதான் வேர்.

ஓட்டச் செலவு எங்கே முடிகிறது, கார் விலை எங்கே தொடங்குகிறது என்ற கோட்டையே அழித்துவிட்டது 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. வின்ட்ஸர். காரை மட்டும் 9.99 லட்சத்துக்கு வாங்கலாம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை என்று அறிமுகம் செய்தார்கள். வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்டுக்குக் கிலோமீட்டருக்கு 1.40, அதோடு இந்த 3.50. கூட்டினால் 4.90. ஊழியர் தன் பெயரில் அப்படி ஒரு காரை வாங்கிக் கம்பெனி வேலைக்கு ஓட்டினால், கம்பெனி 1.40 மட்டும் கொடுத்து ஒதுங்க முடியுமா? முடியாது என்பதே என் கட்சி. ஓடினால்தான் அந்த வாடகை, ஓடுவது கம்பெனிக்காக. பேட்டரியோடு முழு விலை கொடுத்து வாங்கியவருக்கும் இதே நியாயம் பொருந்தும், அவர் அந்த வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டார் என்பதுதான் வித்தியாசம்.

இதுவரை காரைப் பற்றியே பேசினோம். கொங்கு நாட்டில் கிலோமீட்டர் காசு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கார்க்காரர்கள் அல்ல. மருந்துப் பையோடு திரியும் ரெப், மோட்டார் வைண்டிங் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கிறவர், பைனான்ஸ் கலெக்‌ஷன் பையன், எல்லாரும் டூவீலர். 2008இல் கோவையில் தொடங்கிய ஆம்பியர் மாதிரியான நிறுவனங்களால் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இந்த ஊருக்குப் புதிதல்ல. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பைக்குக்குப் பெட்ரோல் மட்டும் கிலோமீட்டருக்கு 2.20 ரூபாய். கம்பெனி 3.50 கொடுக்கிறது என்றால் மீதி 1.30 டயருக்கும் சர்வீஸுக்கும் வண்டித் தேய்மானத்துக்கும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சுவரில் அளந்தால் 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட்டை ஒட்டி எடுக்கும். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு 30 காசை ஒட்டித்தான். இதைத் தெரிந்துகொண்ட முதலாளி 'எலெக்ட்ரிக்குக்கு ஒத்தை ரூபா போதும்' என்று சொல்லத் தொடங்குகிறார். பெட்ரோல் பங்கை எடுத்துவிட்டுக் கரண்டுப் பங்கை வைத்தால் வரும் ரேட் 1.60; ஒரு ரூபாய் அல்ல. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அந்த 60 காசு 900 ரூபாய். பேட்டரி மாற்ற வேண்டிய நாள் வந்தால் அந்தச் செலவும் இந்த 1.30க்குள்தான் அடங்க வேண்டும். அடங்காது என்று கணக்கு சொன்னால், 1.60ஐயும் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும்.